அரைப் பேர்

மழை பெய்துதான் இருக்கிறது.
வானத்தைக் குற்றம் சொல்ல வழியில்லை.
பசறைக்குக் கீழே, தேயிலை செத்துப்போன ஒன்பதாம் நம்பர் மலையில்
மானாப் புல்லைப் பிடுங்கி, கல்லைப் பொறுக்கி வரம்பு கட்டி
ஐப்பசியில் நான் தூவிய குரக்கன்
மார்கழிக்குள் முழங்கால் தாண்டியிருக்க வேண்டும்.
கணுக்கால் அளவில் நிற்கிறது,
பிரட்டுக்குப் பிந்தி வந்தவள் மாதிரி
தலையைத் தொங்கப்போட்டு.

முதலில் தண்ணீர் என்று நினைத்தேன்.
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தோளோடு
பீலியிலிருந்து இருபத்தாறு வாளி சுமந்தேன்.
ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை சுருண்டது.
பிறகு உரம் என்று நினைத்தேன்.
கடைக் கொப்பியில் கடன் எழுதி அரை மூட்டை யூரியா.
பிறகு, சொல்ல வெட்கம்,
பக்கத்துக் காட்டு ரன்மெனிக்காவின் கண் என்று நினைத்தேன்.
மூன்று நாள் அவளோடு பேசவில்லை.
அவளுக்கு அது தெரியவும் இல்லை.

நாலாம் நாள் அவளே மேட்டிலிருந்து கூப்பிட்டாள்,
ஒரு பயிரை வேரோடு தூக்கிப் பிடித்து.
அவளுடையதும் சுருண்டிருந்தது.
குந்தி உட்கார்ந்து மண்ணை உதிர்த்தோம்.
குரக்கன் வேரில் இன்னொரு வேர்.
முடிச்சாய் ஒட்டி, வாய் வைத்து,
வெயிலே பார்த்திராத வெளுத்த தண்டு.
மேலே வர அதற்கு அவசரமில்லை.
சாப்பாடு கீழேயே நடக்கிறது.

சுடுமல்லி, என்றார் விவசாயப் போதனாசிரியர்,
மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே.
விதை தூசியிலும் சின்னதாம்.
இருபது வருஷம் மண்ணில் உறங்குமாம்.
குரக்கன் வேரின் கசிவு பட்டால் மட்டும் எழும்புமாம்.

இருபது வருஷம்.
துரை எனக்கு வாயால் தந்தது ஒரு போகம்.
ஒரு துண்டுக் கடிதம் கேட்டதற்குச் சிரித்தார்.
கேட்காமலே குடியிருக்கிறது இது.

பூக்கும் முன் பிடுங்கு என்றார்.
பிடுங்கினால் குரக்கனும் கூடவே வருகிறது.
விட்ட இடத்தில் பூத்தது,
மூக்குத்திக் கல் அளவு, வெள்ளை வெள்ளையாய்.
அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.
மகள் தர்ஷிகா ஒரு கொத்தைக் காதில் செருகி வந்தாள்.
அறைந்துவிட்டேன்.
அவள் அழவில்லை. பூவை எடுத்து என் கையில் வைத்தாள்.
அதை அடுப்பில் போட்டபோது
வாசமே வரவில்லை.

அடுத்த போகம் கௌப்பி போடுங்கள், எள்ளும் சரி.
அந்த வேர் பொய்யாய்க் கூப்பிடுமாம்.
விதை நம்பி எழும்புமாம்.
வாய் வைக்க வேர் இசையாமல்
பசியிலே சாகுமாம்.
ரன்மெனிக்கா சத்தமாய்ச் சிரித்தாள்:
கொழும்பில் வேலை என்று நம்ம பையன்களைக் கூப்பிடுகிற மாதிரி, என்று
பாதி தமிழில், பாதி சிங்களத்தில்.
எனக்கு எந்தப் பாதியிலும் சிரிப்பு வரவில்லை.
பிரதீபன் போய்ப் பதினோரு மாதம்.

மாசியில் அறுத்தேன்.
விரல் மடங்கிய கதிர்கள். காலால் மிதித்து, புடைத்து, அளந்தால்
பதினான்கு சுண்டு.
கிலோ காணாது என்று கணக்கப்பிள்ளை
அரைப் பேர் போட்ட நாள்களில் நடக்கிற நடையில்
லயத்துக்கு நடந்தேன்.
கால் கனக்கும், கூடை கனக்காது.
அந்த நிலத்துக்கும் இந்த வருஷம் அரைப் பேர்தான்.
முழுநாளும் வேலை செய்தது அதுவும்.

கௌப்பி விதை இரண்டு கிலோ வாங்கிவிட்டோம், ரன்மெனிக்காவும் நானும்,
பாதிப் பாதி.
நிலம் எனக்கு உண்டா என்று துரை இன்னும் சொல்லவில்லை.

பிடுங்கியதை எல்லாம் உரப் பையில் கட்டி எரித்தேன்.
மம்பட்டியைக் கழுவினேன். செருப்பைக் கழுவினேன்.
சேலை ஓரத்தை வாசலில் உதறப் போனவள்
நின்று,
ரோட்டுக்கு நடந்து போய்
தாரின் மேல் உதறினேன்.
பதுளை பஸ் அதன்மேல் ஏறிப் போனது.